டர்பன் – கேப் டவுன்: தூரம், பறக்கும் நேரம், போகும் வழிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனும் கேப் டவுனும் தென்னாப்பிரிக்காவின் இரண்டு பெரிய துறைமுக நகரங்கள். ஒன்று இந்தியப் பெருங்கடலைப் பார்த்து இருக்கிறது, மற்றது அட்லாண்டிக் கரையில். தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பது வழக்கம். வரைபடத்தைப் பார்த்தால் கரையோரமாக ஒரு சாலை போகிறது, ஒரு நாளில் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு கிளம்பியவர்கள் பாதி வழியில் களைத்துப்போகிறார்கள். தூரம், நேரம், வழி மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க உதவும் கேள்வி பதில்கள் இவை.

டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் சுமார் 1,270 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர், அதாவது 690 கடல் மைல்.

சாலை வழியாக எந்தப் பாதையில் போனாலும் 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். கப்பலில் ஏறத்தாழ 800 கடல் மைல், கிலோமீட்டரில் சொன்னால் 1,480. நேர்கோடு மலைகளுக்கும் கரூ என்ற வறண்ட மேட்டு நிலத்துக்கும் மேலே குறுக்காகப் போகிறது. சாலை மலைகளைச் சுற்ற வேண்டும், கப்பல் கண்டத்தின் தென்முனையைச் சுற்ற வேண்டும். அதனால்தான் மூன்று கணக்கும் இவ்வளவு வேறுபடுகின்றன.

விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

கேப் டவுனிலிருந்து டர்பனுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு 2 மணி 15 நிமிடம் அல்லது சற்று கூடுதல். விமான நிறுவனங்களின் அட்டவணையில் காணப்படும் இந்த நேரத்தில், ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் இறங்கியபின் வாயிலுக்கு வந்து நிற்பதும் அடக்கம். உயரத்தில் சீராகப் பறக்கும் நேரம் ஒன்றரை மணி அளவில்தான் இருக்கும்.

போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது ஒரு நேரம். ஏன்?

காற்றுதான் காரணம். இந்த அட்சரேகைகளில் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. கேப் டவுன் மேற்கே இருக்கிறது, டர்பன் கிழக்கே. ஆகவே டர்பனை நோக்கிப் போகும் விமானத்தை இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, எதிர்த் திசையில் போகும் விமானம் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மேல்வானத்துக் காற்று அப்போது இன்னும் வலுக்கும், போக வர நேர வித்தியாசமும் கூடும். அந்த மாதங்களில் கேப் டவுனில் இறங்கி உடனே வேறொரு விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால், இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி விமானம் இருக்கிறதா? ஜோஹன்னஸ்பர்க் வழியாகப் போக வேண்டுமா?

நேரடி விமானம் தினமும் பல முறை உண்டு. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுத் தடங்களில் பரபரப்பானவற்றுள் இதுவும் ஒன்று. ஃப்ளைசஃபேர், ஏர்லிங்க் போன்ற நிறுவனங்கள் இத்தடத்தில் பறக்கின்றன. பழைய பயணக் குறிப்புகளில் மேங்கோ, குலுலா என்ற பெயர்களைப் பார்த்தால் அவற்றைத் தேடி அலைய வேண்டாம். மேங்கோ 2021-லும் குலுலா 2022-லும் பறப்பதை நிறுத்திவிட்டன.

டிக்கெட் தளங்களில் சில சமயம் ஜோஹன்னஸ்பர்க் வழியாக மாறிச் செல்லும் பயணம் முதலில் வந்து நிற்கும். அதைத் தேர்ந்தெடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்கும் ஏறக்குறைய இதே 1,270 கிலோமீட்டர்தான். அந்த வழியில் போகிறவர் முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வடமேற்கே பறந்து, காத்திருந்து, அதன்பின் டர்பனிலிருந்து நேராகப் போயிருந்தால் கடந்திருக்க வேண்டிய அதே தூரத்தை மறுபடி கடக்கிறார். இரண்டு மணிப் பயணம் ஐந்து ஆறு மணியாகிவிடும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நேரடி விமானமே சரி.

ஓட்டலிலிருந்து ஓட்டலுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஐந்தரை மணி நேரம் வையுங்கள். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் நகருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன், 2010 மே 1 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இருந்த பழைய நிலையம் நகரின் தெற்கே இருந்தது, அதன் ஓடுபாதையும் நீளம் குறைந்தது. பழைய நிலையத்தை நினைவில் வைத்துத் தென்பக்கம் அறை பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகாலை விமானம் என்றால் வடக்கே உம்ஷ்லங்கா பக்கம் தங்குவது நல்லது.

கேப் டவுன் விமான நிலையம் நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டர்தான். ஆனால் காலையிலும் மாலையிலும் என்2 சாலை நெரிசலில் அதுவே ஒரு மணி நேரம் ஆகலாம். இரவில் இறங்கினால் செயலியில் பதிவு செய்த வாடகைக் காரில் நேராகத் தங்குமிடம் போய்விடுங்கள். கார்க் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, கைப்பையைக் கண்ணில் படாதபடி வைத்துக்கொள்வது உள்ளூர்க்காரர்களும் கடைப்பிடிக்கும் பழக்கம்.

ஜன்னல் இருக்கை எந்தப் பக்கம் நல்லது?

டர்பனிலிருந்து கேப் டவுன் போகும்போது வலப்பக்கம். பாதை லெசோத்தோ நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால், கிளம்பிய சிறிது நேரத்தில் டிராகென்ஸ்பெர்க் மலைத்தொடர் அந்தப் பக்கம் தெரியும். குளிர்காலத்தில் உச்சிகளில் பனி கிடக்கும். பிறகு கரூ தொடங்குகிறது. நெடுந்தூரம் ஊரே இல்லாத, செம்பழுப்பான, வற்றிய ஓடைகள் கோடு கிழித்த நிலம். பலர் இந்த இடத்தில் தூங்கிவிடுகிறார்கள். தூங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் உள்நிலம் எவ்வளவு வறண்டது என்பது மேலிருந்து பார்த்தால்தான் புரியும்.

டேபிள் மவுண்டன் கண்ணில் படுவது காற்றைப் பொறுத்தது. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது விமானம் வடக்கிலிருந்து வந்து தெற்கு நோக்கி இறங்கும், அப்போது மலை வலப்பக்கம். குளிர்காலத்து வடமேற்குக் காற்றில் ஃபால்ஸ் விரிகுடாவின் மேலாகத் தெற்கிலிருந்து வந்து வடக்கு நோக்கி இறங்கும், மலை இடப்பக்கம். ஆக, நவம்பர் முதல் மார்ச் வரை வலப்பக்கம் உட்கார்ந்தால் இரண்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

காரில் போனால் எவ்வளவு நேரம்? எந்த வழி?

இரண்டு வழிகள். இரண்டிலும் ஓட்டும் நேரம் மட்டுமே 17, 18 மணி நேரம். சாப்பாடு, ஓய்வு தனி.

உள்நாட்டு வழி: டர்பனிலிருந்து என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹாரிஸ்மித், பிறகு என்5-இல் பெத்லஹேம், அதன்பின் என்1-இல் ப்ளூம்ஃபோன்டைன், கோல்ஸ்பெர்க், போஃபோர்ட் வெஸ்ட், வூஸ்டர், கடைசியில் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஹியூகனாட் சுரங்கப்பாதை. சாலை நல்ல சாலை. கனரக லாரிகள் அதிகம். குளிர்காலத்தில் என்3-இன் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி வழி அடைபடுவதுண்டு. 2024 செப்டம்பரில் அப்படித்தான் ஏராளமான வண்டிகள் இரவு முழுக்கப் பனியில் சிக்கி நின்றன.

கரையோர வழி என்2. போர்ட் ஷெப்ஸ்டோன், கோக்ஸ்டாட், ம்தாத்தா, ஈஸ்ட் லண்டன், போர்ட் எலிசபெத், நைஸ்னா, ஜார்ஜ், மோசல் பே, ஸ்வெல்லெண்டாம் என்று போகிறது. கரையோரம் என்று சொன்னாலும் போர்ட் ஷெப்ஸ்டோனுக்குப் பிறகு ஈஸ்ட் லண்டன் வரும்வரை கடல் கண்ணில் படாது. வைல்ட் கோஸ்ட் எனப்படும் அந்தக் கரையில் ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகள் குறுக்கிடுவதால் சாலை உள்ளே ஒதுங்கி, பழைய டிரான்ஸ்கெய் பகுதியின் மேடுகளில் ஏறி இறங்குகிறது. ஊருக்கு ஊர் வேகத்தடை, சாலையில் மாடும் ஆடும், அங்கங்கே பள்ளம். கணினி வரைபடம் சொல்லும் நேரத்தில் இந்தப் பகுதியைக் கடக்கவே முடியாது. இருட்டியபின் இங்கே ஓட்டாதீர்கள். வளைவு திரும்பியதும் சாலை நடுவே மாடு படுத்திருக்கும்.

இந்தச் சுற்றைக் குறைக்கத்தான் ம்சிகாபா, ம்டென்டு ஆறுகளின் மேல் பிரம்மாண்டப் பாலங்களோடு புதிய சாலைத் திட்டம் வகுத்தார்கள். ம்சிகாபா பாலம் 580 மீட்டர் நீளமுள்ள கம்பிவடப் பாலம்.

டிரான்ஸ்கெய் வழியில் நின்று பார்க்க வேண்டிய இடம் கூனு. ம்தாத்தாவைத் தாண்டி என்2 ஓரத்திலேயே இருக்கிற இந்தக் கிராமத்தில்தான் நெல்சன் மண்டேலா சிறுவயதில் வளர்ந்தார், 2013 டிசம்பரில் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். புல் மேடுகளும் சிதறிக் கிடக்கும் வட்டக் குடிசைகளுமான அந்த நிலத்தைப் பார்க்காமல், கேப் டவுனுக்கு எதிரே அவர் அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையை மட்டும் பார்ப்பது அவருடைய வாழ்க்கையில் பாதியைப் பார்ப்பதுதான்.

ஒரே நாளில் ஓட்ட முடியுமா?

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் முடியும். செய்யக் கூடாது. உள்நாட்டு வழியில் ப்ளூம்ஃபோன்டைனிலோ கோல்ஸ்பெர்கிலோ ஓர் இரவு தங்குவது குறைந்தபட்சம். கரையோர வழிக்கு ஐந்து நாளாவது வேண்டும்.

நான்கைந்து நாள்தான் இருக்கிறது, சாலைப் பயணமும் வேண்டும். என்ன செய்யலாம்?

இதற்குத்தான் மிக நல்ல விடை இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை: பாதி பறந்து பாதி ஓட்டுங்கள். டர்பனிலிருந்து போர்ட் எலிசபெத்துக்கு நேரடி விமானம் உண்டு. சுமார் 710 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 2021-இல் அந்த நகரத்தின் பெயர் கெபேர்ஹா என்று மாற்றப்பட்டது, டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். அங்கே காரை வாடகைக்கு எடுத்து, கேப் டவுனில் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போர்ட் எலிசபெத்திலிருந்து கேப் டவுனுக்கு என்2-இல் 750 கிலோமீட்டர் சொச்சம். கடினமான பாதி விமானத்தில் கழிந்துவிடுகிறது, அழகான பாதி கைக்கு வருகிறது. சிட்சிகாமா காடும் ஸ்டார்ம்ஸ் நதி கடலில் சேரும் முகத்துவாரமும் ஒரு நாள். ஆற்றிலிருந்து 216 மீட்டர் உயரத்தில் நிற்கும் ப்ளூக்ரான்ஸ் பாலத்தை அன்றே கடப்பீர்கள், கயிறு கட்டிக் குதிப்பவர்களையும் பார்க்கலாம். நைஸ்னாவின் காயலும் வில்டர்னஸ் கடற்கரையும் அடுத்த நாள். மோசல் பேயில் 1488-இல் பார்த்தலோமியோ டயஸ் கரையிறங்கினார். இந்தியாவுக்குக் கடல்வழி தேடிய போர்த்துகீசியர் தென்னாப்பிரிக்க மண்ணில் கால்வைத்த இடம் அது, ஒரு நல்ல அருங்காட்சியகமும் இருக்கிறது. மூன்று இரவு கிடைத்தால் போதும். இன்னும் ஒரு நாள் இருந்தால் ஸ்வெல்லெண்டாமிலிருந்து தெற்கே திரும்பி அகுல்யாஸ் முனைக்குப் போங்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடி அதுதான், கேப் டவுன் அருகிலுள்ள நன்னம்பிக்கை முனை அல்ல. இந்தியப் பெருங்கடலுக்கும் அட்லாண்டிக்குக்கும் எல்லையாக வரையறுத்திருப்பதும் அகுல்யாஸைத்தான்.

காரை இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்களுக்குச் சிரமம் இருக்காது. உரிமம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் நல்லது.

பேருந்து, ரயில்?

பேருந்து இருக்கிறது. ஒரு முழு நாளுக்கு மேல் உட்கார்ந்தே போக வேண்டும், முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டின் விலைக்கும் அதற்கும் சில சமயம் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இரு நகரங்களுக்கும் நேரடிப் பயணிகள் ரயில் முன்பு ஓடியது, அதை நம்பி இன்று திட்டமிட முடியாது.

கடல் வழியாகப் போகலாமா?

நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் உல்லாசக் கப்பல்கள் இந்தக் கரையில் உலவும். சில பயணங்கள் ஒரு துறைமுகத்தில் தொடங்கி மற்றதில் முடியும். வழக்கமான பயணிகள் படகுச் சேவை கிடையாது.

இந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டர்பனுக்கு அப்பால் கரையை ஒட்டி, தென்மேற்கு நோக்கி அகுல்யாஸ் நீரோட்டம் ஓடுகிறது. உலகின் மிக வலுவான கடல் நீரோட்டங்களில் இதுவும் ஒன்று, சில இடங்களில் வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகம். டர்பனிலிருந்து கேப் டவுன் போகும் கப்பலுக்கு இது இலவச உந்துதல். எதிரே வரும் கப்பல்கள் இதைத் தவிர்க்க வேறு தடம் பிடிக்கின்றன. ஆனால் தென்மேற்கிலிருந்து புயல் கிளம்பினால், அதன் அலைகள் இந்த நீரோட்டத்தின் மேல் எதிர்த்து மோதி, குட்டையாகிச் செங்குத்தாக எழும்புகின்றன. பெரிய சரக்குக் கப்பல்களின் முன்பகுதியையே நொறுக்கும் அலைகள் இங்கே எழுந்ததுண்டு.

வாராட்டா என்ற நீராவிக் கப்பல் 1909 ஜூலை 26 அன்று டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பியது, அதில் 211 பேர் இருந்தார்கள். மறுநாள் வேறொரு கப்பல் அதைக் கண்டது. அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. மாதக்கணக்கில் தேடியும், பின்னர் ஆழ்கடலில் பல முறை தேடியும், சிதைவுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. 1991 ஆகஸ்டில் ஓஷியானோஸ் என்ற பயணிகள் கப்பல் இதே வைல்ட் கோஸ்டுக்கு எதிரே மூழ்கியது. அதில் இருந்த 571 பேரும் உயிர் பிழைத்தார்கள். கப்பல் தலைவர் முன்னதாகவே வெளியேறிவிட, இசை நிகழ்ச்சி நடத்த வந்திருந்த கலைஞர்கள் கடைசிவரை நின்று பயணிகளை ஹெலிகாப்டர்களில் ஏற்றிவிட்டார்கள். இந்தக் கரையின் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு அந்த மனிதர்களும் ஒரு காரணம்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் உண்டா?

கடிகாரத்தில் இல்லை. நாடு முழுக்க ஒரே நேரம்தான், இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஆனால் சூரியனுக்கு வித்தியாசம் உண்டு. டர்பன் சுமார் பன்னிரண்டரை பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே முந்திக்கொள்கிறது. டிசம்பர் கடைசியில் டர்பனில் மாலை 7 மணிக்கு இருட்டத் தொடங்கும், கேப் டவுனில் 8 மணிக்குத்தான் சூரியன் கடலில் இறங்கும். டர்பனில் காலையை நம்புங்கள், கேப் டவுனில் மாலையை நம்புங்கள்.

எந்த மாதம் போகலாம்?

இரண்டு ஊருக்கும் மழைக்காலம் நேரெதிர். டர்பனில் மழை கோடையில், கேப் டவுனில் குளிர்காலத்தில். டிசம்பரில் கேப் டவுன் பளிச்சென்று இருக்கும், டர்பன் புழுங்கும். ஜூலையில் டர்பன் இதமாக இருக்கும், கேப் டவுன் மழையில் நனையும். இரண்டுக்கும் பொதுவாக ஒத்துவருவது செப்டம்பர், அக்டோபர். அப்போது கேப் டவுனுக்குத் தென்கிழக்கே ஹெர்மானுஸ் ஊரில் கரையில் நின்றபடியே திமிங்கிலங்களைப் பார்க்கலாம்.

கடலில் குளிக்க ஆசையென்றால் டர்பனில் குளித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரோட்டம் அங்கே கரையைத் தொடுகிறது. கேப் டவுனின் அட்லாண்டிக் கரையில் கோடையிலும் தண்ணீர் 10 முதல் 15 பாகை செல்சியஸ்தான்.

இந்தியா அல்லது இலங்கையிலிருந்து போகிறவர்கள் எங்கே இறங்கி எங்கே ஏறலாம்?

டர்பனில் இறங்கி கேப் டவுனில் ஏறுங்கள். துபாயிலிருந்து இரண்டு நகரங்களுக்கும் நேரடி விமானம் உண்டு, ஒரே டிக்கெட்டில் இறங்கும் ஊரையும் ஏறும் ஊரையும் வேறுவேறாகப் போட்டுக்கொள்ளலாம். திரும்பவும் டர்பனுக்கு வர வேண்டிய 1,270 கிலோமீட்டர் மிச்சம். விசா இரு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் தேவை. அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

டர்பனில் தமிழர்கள் இருக்கிறார்களாமே, பயணத்தில் அதற்கு நேரம் ஒதுக்கலாமா?

கட்டாயம் ஒதுக்குங்கள். மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் வந்த 342 பேர் அதில் வந்தார்கள். அவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் நிறைய. கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வழியிலேயே, ஒரு காலத்தில் கரும்பு விளைந்த மவுண்ட் எட்ஜ்கோம்பில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் பலருக்கு இன்று தமிழ் பேச வராது, ஆனால் பாட்டு தமிழில்தான். நகரில் 1860 ஹெரிடேஜ் சென்டர் என்ற அருங்காட்சியகம் ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றைச் சொல்கிறது.

என்3 வழியில் காரில் போகிறவர்கள் 80 கிலோமீட்டரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நிறுத்துங்கள். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து காந்தி இறக்கிவிடப்பட்ட நிலையம் அது.

டிக்கெட் எப்போது எடுப்பது? பெட்டிக்குத் தனிப் பணமா?

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும் ஈஸ்டர் வாரத்திலும் நாடே கடற்கரைக்குக் கிளம்பும், கட்டணமும் ஏறும். அந்த நாட்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். மற்ற சமயங்களில் செவ்வாய், புதன் நடுப்பகல் விமானங்கள் பெரும்பாலும் மலிவு.

மலிவுக் கட்டணம் என்பது பல நிறுவனங்களில் 7 கிலோ கைப்பையோடு முடிந்துவிடும். பெரிய பெட்டிக்குப் பதிவு செய்யும்போதே பணம் கட்டுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் கூடுதல். சர்வதேச டிக்கெட்டில் 30 கிலோ அனுமதி இருந்தாலும், தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டுக்கு அது பொருந்தாது.